சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

ஐப்பசி மாதத்து இடி ஒன்று தயாபரனின் அச்சுக்கடைக் கம்ப்யூட்டரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. பதுளையில் அந்த மாதம் இடி விழுவது ஒன்றும் அதிசயமில்லை. இடி கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கள் என்று மனைவி ஜீவராணி தொண்டை வற்றச் சொல்வதும் அதிசயமில்லை. கழற்றாமல் உட்கார்ந்திருந்ததுதான் தயாபரன் தன் பங்குக்குச் செய்த வேலை.

கம்ப்யூட்டர் திருத்துகிற மிப்ரான் வந்து, ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பைல் எல்லாம் பென் டிரைவுல தப்பிச்சிட்டுது அண்ணே. ஆனா ஒங்கட கல்யாணக் கார்ட் சொப்ட்வெயார் கீ கேக்குது, வாங்கும்போது தந்த நம்பர். கீ போடாம ஒரு எழுத்தும் அடிக்க ஏலாது."

அந்தச் சொப்ட்வெயார்தான் கடைக்கு உயிர். மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மாப்பிள்ளை பெண் பேர் என்று இருபது வருடமாக அடித்த கார்ட்கள் அத்தனையும் அதற்குள்ளேதான் திறக்கும். சென்னையில் அதைச் செய்து விற்ற கம்பெனிக்கு மிப்ரான் போன் போட்டுப் பார்த்தான். அந்த நம்பரில் இப்போது யாரோ ஒரு அம்மா இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள்.

"கீயை எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பீங்கதானே?"

"பழைய கம்ப்யூட்டர் பெட்டியில ஸ்டிக்கரா ஒட்டியிருந்துச்சு."

"பெட்டி எங்க?"

தயாபரன் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். பெட்டி இருக்கிற இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்ததுதான் சங்கடம்.

மூன்று வருடத்துக்கு முன்பு தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாசிகசாலை திறந்தார்கள். திறப்பு விழாவுக்குத் தயாபரன் பிரதம விருந்தினர். மேளம் அடித்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடிக் கும்பிட்டது. அவரும் தம் கடையின் பழைய கம்ப்யூட்டரைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கு என்று தூக்கிக் கொடுத்தார். பேப்பரில் படம் வந்தது. அந்தப் படம் இன்னும் கடைச் சுவரில், லட்சுமி படத்துக்கு ஒரு சாண் கீழே தொங்குகிறது.

படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த ரேமை அவர் உருவி எடுத்துவிட்டார். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. அது இல்லாவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் கண் விழிக்காது. கடையில் பில் போடுகிற மிஷின் ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தது, அதற்குப் போட்டால் ஓடும் என்று நினைத்தார். போட்டார், ஓடியது. தோட்டத்துக்குப் போன பெட்டியைப் பற்றி அவர் நினைத்தது ஒரே ஒரு வரிதான். அங்கே யார் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

யாராவது வந்து கேட்டால் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். போகிற வழியில் லொறி ஆட்டிய ஆட்டத்தில் ஏதோ கழன்றிருக்கும் என்று. ஆனால் யாரும் வரவில்லை. கேட்கவும் வரவில்லை, கார்ட் அடிக்கவும் வரவில்லை. அந்தத் தோட்டத்துக் கல்யாணங்களுக்குப் பண்டாரவளைக்குப் போய்க் கார்ட் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது தயாபரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நன்றி கெட்ட சனம்! கம்ப்யூட்டர் குடுத்தேன், கும்பிட்டுட்டு மறந்துட்டானுக" என்று பஜாரில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார். உள்ளே ஒன்று அரிக்கும்போது வெளியே சத்தம் போடுவது அவர் வழக்கம்.

இப்போது கீ கிடைக்காவிட்டால் கடை படுத்துவிடும். கீயைத் தேடிப் போனால், ரேம் இல்லாத பெட்டியைத் தந்த கதை அம்பலமாகிவிடலாம். கடை படுத்தாலும் எப்படியாவது எழுப்பலாம். பதுளையில் பெரிய மனுஷன் என்ற பேர் போனால் எழுப்ப முடியாது. தயாபரனுக்கு அந்தப் பேர்தான் முக்கியம். ஆகவே ஒரு யோசனை செய்தார். ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியைத் திறக்க வேண்டாம், சுவிட்ச் போட வேண்டாம். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க வந்ததாகச் சொல்லி, ஸ்டிக்கரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீவராணியையும் கிளப்பினார். பெண்சாதியோடு பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். புறப்படும்போது என்ன தோன்றியதோ, பில் மிஷினைத் திறந்து அந்த ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜீவராணி சேலை மடிப்பைச் சரிசெய்தபடியே அதைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கடைச் சாமானை அங்கே இங்கே மாற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு.

தெமோதரை வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி வாசிகசாலை முன்னால் இறங்கியதும், வாசிகசாலைத் தலைவர் கந்தப்பன் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். கும்பிட்டார். ஆனால் அந்த முகத்தில் விருந்தாளியைக் கண்ட சந்தோஷம் இல்லை. கடன்காரனைக் கண்ட முகம் அது.

"வாங்க மொதலாளி, வாங்கம்மா. சொல்லியிருந்தா எல்லாரும் வந்திருப்போமே..."

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம் கந்தப்பன்."

பொம்பளைகள் வந்து ஜீவராணியை லயத்துக்குத் தேத்தண்ணிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கந்தப்பனின் மகள் கம்சலா சாவி எடுத்துவந்து கதவைத் திறந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. திறந்துவிட்டு அவள் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

உள்ளே சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே ஒரு மேசை. அதன் மேல் அந்தக் கம்ப்யூட்டர். பூப்போட்ட சீத்தைத் துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. உறையைத் தூக்கினால் பெட்டிக்கும் டிவி போன்ற பழைய மொனிட்டருக்கும் ஆளுக்கொரு செவ்வந்தி மாலை, போன வாரத்துச் சரஸ்வதி பூசையில் போட்டது, வாடிக் கிடந்தது. பெட்டி நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஒரு வருடத்துச் சந்தனமில்லை அது. வருடத்துக்கு வருடம் பூசிப் பூசி வெடித்து, பாளம் பாளமாக ஏறியிருந்தது. பக்கத்தில் பிள்ளைகளின் நோட்டோ புத்தகமோ ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் கோயில் மூலஸ்தானம் மாதிரி தனியாக இருந்தது.

"இது வேலை செய்யுதா?" என்று கேட்காமல் தயாபரன் குனிந்து ஸ்டிக்கரைத் தேடினார். அவர் கேட்காவிட்டாலும் கந்தப்பன் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மொதலாளி, ஒங்க மொகத்த பாக்கவே எங்களுக்கு யோக்கியத இல்ல. நீங்க பெரிய மனசு பண்ணி குடுத்தீங்க. நாங்க அத ஒரே நாள்ல நாசம் பண்ணிப்புட்டோம்."

தயாபரன் குனிந்தவர் நிமிரவில்லை.

"விழா முடிஞ்ச மறுநாளு, இவதான் சுவிட்ச போட்டா. ஹாலிஎலையில கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கிட்டு இருந்தா, இவளுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் இவளயே போடச் சொன்னோம். போட்டதும் கீ கீன்னு கத்துச்சு. அவ்வளவுதான், நின்னு போச்சு. அதுக்கப்புறம் எத்தன தடவ போட்டாலும் அதே கத்தல்தான்."

வாசலில் நின்ற கம்சலா வாய் திறந்தாள். "மன்னிச்சிருங்க மொதலாளி. நான் என்ன செஞ்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"எப்படித் தெரியும்? தெரிஞ்சா கெடுப்பியா?" என்று அவளை அடக்கிவிட்டு, கந்தப்பன் தயாபரனிடம் திரும்பினார். "அன்னைக்கோட கிளாஸ நிப்பாட்டி கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிட்டேன். இத ஒங்ககிட்ட எந்த மொகத்த வச்சுக்கிட்டு வந்து சொல்றது? அதனால யாரும் ஒங்க கடப்பக்கமே வரக்கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டோம். கல்யாணத்துக்குக் கார்ட் அடிக்கக்கூட பண்டாரவளைக்குத்தான் போறாங்க. வந்தா கம்ப்யூட்டர் எப்படி இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த கேப்பீங்களே."

நன்றி கெட்ட சனம் என்று பஜாரில் சொன்னது தயாபரனுக்கு ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் மூன்று வருடமாகப் பெரிய மனுஷனாக இருந்து பழகிய வாய். அது வேறு எதையோ சொன்னது.

"சரி சரி, பரவாயில்ல. தெரியாம செஞ்சதுதானே. நான் மன்னிச்சிட்டேன்."

கந்தப்பன் கண் கலங்கிக் கும்பிட்டார். கம்சலாவும் கும்பிட்டாள். தயாபரனுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. ஆனாலும் சொன்னதை அவர் மாற்றிச் சொல்லவில்லை.

ஸ்டிக்கர் எங்கே என்று அதற்குள் தெரிந்துபோயிற்று. சந்தனத்துக்கு அடியில் இருந்தது. பெட்டியின் நெற்றியில் பொட்டு வைக்க வாகான வழவழப்பான இடம் அது ஒன்றுதான். கடையில் இருந்த காலத்திலேயே ஆயுத பூசைக்கு அவரும் அங்கேதான் வைப்பார். இங்கே கம்ப்யூட்டர் ஓடாமல் போகப் போக, சரஸ்வதி மனம் இரங்கட்டும் என்று சந்தனத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். தயாபரன் பூசைச் செம்பில் இருந்த தண்ணீரில் கைலேஞ்சியை நனைத்து மெதுவாகத் துடைத்தார். சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, அதோடு ஸ்டிக்கரின் எழுத்தும் ஊறி, கூழாகக் கையோடு வந்துவிட்டது. மிஞ்சியது ஒரு இங்கிலீஷ் கேயும் ஒரு ஏழும்.

இனி ஒரே வழிதான். கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அந்தச் சொப்ட்வெயாரைத் திறந்தால், அதற்குள்ளேயே கீ எழுதியிருக்கும். ஓடவிட ரேம் வேண்டும். ரேம் சட்டைப் பையில் இருந்தது, நெஞ்சுக்கு நேராக.

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி கொண்டாம்மா" என்று கம்சலாவை அனுப்பினார். கந்தப்பனை ஜன்னலைத் திறக்கச் சொன்னார். துருவேறிய ஜன்னல், அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தயாபரன் முதுகை வளைத்துப் பெட்டியை மறைத்தபடி பக்கத் தகட்டைக் கழற்றி ரேமைச் சொருகினார். ஐம்பது வயதில், பொன்னாடை போர்த்திய அதே வாசிகசாலைக்குள், திருடன் மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், எடுத்ததைத் திருப்பி வைக்கிற திருடன்.

சுவிட்ச் போட்டார். கத்தவில்லை. காற்றாடி சுழன்றது, மொனிட்டரில் வெளிச்சம் வந்தது, கடையின் பழைய முருகன் படம் திரையில் வந்து நின்றது.

"கம்சலா! ஏய் புள்ள! ஓடியா!" கந்தப்பன் போட்ட சத்தத்தில் அடுத்த லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டது. "மொதலாளி கை வச்சாரு, எழும்பிருச்சு பாருங்க! கைராசிக்காரரு!"

தயாபரன் யாரையும் பார்க்காமல் சொப்ட்வெயாரைத் திறந்து, கீ இருந்த இடத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். வந்த வேலை முடிந்தது. எழுந்து போய்விட வேண்டியதுதான்.

தண்ணீர்க் கோப்பையோடு வந்த கம்சலா இப்போது உள்ளே வந்திருந்தாள். திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப என்ன பிழ மொதலாளி? நான் எத தப்பா அமத்தினேன்?"

"ஒண்ணுமில்லம்மா. உள்ளுக்குத் தூசி. மழை ஈரம் வேற."

"நான் தெனமும் தொடைச்சேனே. மலைக்குப் போக முந்தி வந்து தொடைச்சிட்டுத்தான் போவேன்."

"தொடைச்ச லட்சணத்தப் பாரு!" என்றார் கந்தப்பன் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "எட்டி நில்லு கம்சலா, ஒன் கை பட்டு மறுபடி நின்னுரப் போகுது" என்றான். அது அங்கே பழகிப்போன பகிடி என்பது அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. மலையில் கொழுந்து நிறுக்கிற தராசு மக்கர் பண்ணினால்கூட, கம்சலா கிட்டே வந்தாளா என்றுதான் கேட்பார்கள் போலும். அவள் உடனே இரண்டடி பின்னால் போனாள். சொன்னவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜீவராணி தேத்தண்ணி குடித்த தெம்போடு வந்து சேர்ந்தாள். நல்ல மனுஷி. வாய்தான் பூட்டில்லாத வாய். ஓடுகிற கம்ப்யூட்டரையும் கழற்றி வைத்த பக்கத் தகட்டையும் கண்டதும் அவளுக்குப் புருஷன் பெருமை பொங்கிவிட்டது.

"காலையில பில் மெசின்ல இருந்து அந்தப் பச்சத் தகட்ட கழட்டி எடுத்தாரே, இதுக்குத்தானா!" என்று பொம்பளைகள் பக்கம் திரும்பினாள். "இவரு ஒரு சாமான வீணாக்க மாட்டாரு. அன்னைக்கு இத ஒங்களுக்குக் குடுக்க முந்தின நாளு, இதுலருந்த அந்தத் தகட்ட கழட்டி பில் மெசினுக்குப் போட்டாரு. மூணு வருஷமா ஜம்முனு ஓடிச்சு. இப்ப மறுபடி கொண்டாந்து இதுலயே போட்டுட்டாரு, பாத்தீங்களா?"

வாசலில் நின்ற கூட்டம் தயாபரனைத் திரும்பிப் பார்த்தது. ஜீவராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், தான் எதையோ மிதித்துவிட்டது அவளுக்கும் புரிந்தது. என்னவென்றுதான் புரியவில்லை. வெட்கம் என்று அதுவரை தயாபரன் நினைத்திருந்ததெல்லாம் வெட்கமே இல்லை. சனத்தின் நடுவில் கோவணம் அவிழ்ந்து நின்றாலும் இப்படிக் கூசியிருக்காது.

கம்சலாதான் கேட்டாள். "அந்தத் தகடு இல்லன்னா என்ன ஆகும் மொதலாளி?"

"ஓடாது."

"கத்துமா?"

"கத்தும்."

"அப்ப நான் சுவிட்ச் போடும்போது..."

"இல்லம்மா. அப்ப உள்ளுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் எடுத்துட்டேன்."

கந்தப்பன் இடையில் விழுந்தார். இவ்வளவு பெரிய மனுஷன் தலை குனிந்து நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. "சரி விடுங்க மொதலாளி, என்னவோ நடந்துபோச்சு. ஏய், மொதலாளிய நிக்க வச்சுக் கேள்வி கேக்குறியா? உள்ள போ."

அவள் போகவில்லை. அழவுமில்லை. தண்ணீர்க் கோப்பையை மேசை மேல் வைத்தாள்.

"இங்க நாலு பேருக்கு முன்னால சொன்னீங்க, சரி. ஆனா என்னய சொன்னது நாலு பேரு இல்ல. ஒவ்வொரு நாளும் பெரட்டுல சொன்னாங்க. காலையில வேல பிரிக்க எல்லாரும் கூடி நிப்போமே, அங்க வச்சுத்தான் சொல்லுவாங்க. நீங்க நாளைக்குப் பெரட்டுக்கு வந்து இத சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றார் தயாபரன். அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. அதற்காக எதைக் கேட்டிருந்தாலும் சொல்றேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

பெட்டியில் போட்ட ரேமை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் ஜீவராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஹாலிஎல தாண்டியபோது, "அந்தப் புள்ளய பத்தி எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள். "எனக்கும் தெரியாது" என்றார் அவர். அது பொய்யில்லை. ஆனால் சொன்னபோது பொய் சொன்னது போலத்தான் இருந்தது.

சாயங்காலம் கடையைத் திறந்து கீயை அடித்தார். ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. பிள்ளையார், குத்துவிளக்கு எல்லாம் பழையபடி வந்து நின்றன. நாளைக்கு வேலை தொடங்கலாம், கார்ட்களை நேரத்துக்குக் கொடுத்துவிடலாம். பெரட்டுக்குப் போகாவிட்டால் யார் என்ன செய்யப் போகிறார்கள்? தோட்டத்துச் சனம் பஜாருக்கு வந்து சண்டையா பிடிக்கப் போகிறது? மூன்று வருடம் வெட்கப்பட்டு ஒதுங்கியே இருந்த சனம். பதுளையில் ஒருவனுக்கும் தெரியாது. மனசு இப்படியெல்லாம் நல்ல நல்ல வழியாகக் காட்டியது. அங்கே யார் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று அன்றைக்கு வழி காட்டியதும் இதே மனசுதான். "நான் மன்னிச்சிட்டேன்" என்று தான் சொன்னது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

விடியற்காலையில் தனியாகப் புறப்பட்டார். பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் விலகவில்லை. பொம்பளைகள் கொழுந்துச் சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பக்கம், ஆம்பளைகள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு இன்னொரு பக்கம். கங்காணி பேர் வாசித்துக்கொண்டிருந்தார். தயாபரனைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டார்.

"ஒரு நிமிஷம் பேசணும்" என்றார் தயாபரன்.

மேடையில் பேசிப் பழகியவர். "அன்புள்ள தோட்டப் பெருமக்களே" என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. யாரோ ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி நான் ஒங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் குடுத்தேன். மால போட்டீங்க. அது ஓடாத கம்ப்யூட்டர். உள்ள இருந்த சாமான நானே கழட்டி எடுத்துக்கிட்டு வெறும் பெட்டிய குடுத்தேன். இங்க யார் போட்டுப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். கம்சலா ஒரு பிழையும் செய்யல. அவ இல்ல, யார் போட்டிருந்தாலும் அது ஓடியிருக்காது. நேத்து அந்தப் புள்ள என்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்னு எனக்குத் தெரியும். என்னய மன்னிங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

நேற்று எட்டி நில்லு என்று சொன்னவன் கத்தியைத் தரையில் ஊன்றிக்கொண்டு அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்சலா பொம்பளைகள் வரிசையில் நின்றாள். பக்கத்தில் நின்றவள் அவள் தோளில் கை வைத்தாள். கம்சலா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று தயாபரன் எதிர்பார்த்திருந்தார். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. வேலைக்கு நேரமாகிறதே என்று நிற்கிற ஆளின் முகம்தான்.

கங்காணி இருமினார். "சரிங்க... மொதலாளி சொல்லிட்டாரு. கேட்டுக்கிட்டீங்கதானே? பொம்பளைங்க மூணாம் நம்பர் மலைக்கு. ஆம்பளைங்க அங்கயே கவ்வாத்து."

வரிசை கலைந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. போகும்போது இரண்டொருவர் பழக்கதோஷத்தில் கும்பிடக்கூடச் செய்தார்கள். மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது தயாபரனுக்கு. வெட்கம்தான், ஆனாலும் சொல்லி முடித்தாயிற்று. திரும்பி நடக்கலாம் என்று பார்த்தபோது கந்தப்பன் எதிரில் நின்றார். மற்றவர்கள் போன பிறகும் அவர் போகவில்லை.

"கந்தப்பன், ஒங்ககிட்டயும் நான்..."

"எங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மொதலாளி." கந்தப்பன் மலையைப் பார்த்தார். பொம்பளைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கம்சலா எவள் என்று இவ்வளவு தூரத்திலிருந்து தயாபரனுக்குத் தெரியவில்லை. கந்தப்பனுக்குத் தெரிந்தது. அவர் கண் ஒரே இடத்தில்தான் நின்றது.

"அன்னைக்கே சொன்னா மொதலாளி. 'நான் ஒண்ணும் செய்யலப்பா, அது சும்மாவே கத்துதுப்பா'ன்னு என் கால புடிச்சிக்கிட்டுச் சொன்னா. பதுளையில இருந்து ஒரு பெரிய மனுஷன் பழுதான சாமானையா குடுப்பாருன்னு கேட்டு அடிச்சேன். ஒங்கள நம்பினேன். பெத்த புள்ளய நம்பல."

தயாபரன் அவர் கையைப் பிடிக்கப் போனார். கந்தப்பன் கையைக் கொடுக்கவில்லை.

"நீங்க குடுத்து வச்சவரு. ஒரு பெரட்டுல வந்து நின்னு சொல்லி முடிச்சிட்டீங்க. நான் வீட்டுக்குள்ள வச்சு இத்தன நாளா அவள சொன்னத எந்தப் பெரட்டுல போய்ச் சொல்லி முடிக்கிறது?"

கந்தப்பன் கீழே வைத்திருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பொம்பளைகள் ஏறிப்போன பாதையிலேயே மலைக்கு ஏறினார்.